மண்ணைத் தொடாத வீடு

அஸ்திவாரமே இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு "இருக்கு சார்" என்று சாதிக்கிறவர்களை உதவிப் பொறியாளர் எபனேசர் நிறையப் பார்த்திருக்கிறார். இருக்கிற அஸ்திவாரத்தை "இல்லவே இல்ல சார்" என்று சாதித்த ஒருவனை அவர் அனுமந்தன்பட்டியில்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஊருக்கு வெளியே, சாலையை ஒட்டி இருக்கும் சுருளிராஜனின் நிலத்தில் பாதிக்கு மேல் அதற்குப் போகிறது. வீடும் சேர்ந்து போகிறது. வீடு என்றால் செங்கல் வைத்துக் கட்டியதல்ல. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டமும் பேனல் சுவருமாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேன் வைத்து இறக்கிய ரெடிமேட் வீடு. இரண்டு அறை, சமையல்கட்டு, கக்கூஸ், முன்னால் சின்ன வராந்தா. இப்படிப்பட்ட வீட்டைப் பற்றி அரசாங்கத்துக்கு ஒரே ஒரு கேள்விதான். இது பூமியோடு பிணைந்த நிரந்தரக் கட்டடமா, இல்லை பீரோவைப்போல நகர்த்தக்கூடிய சாமானா? நிரந்தரம் என்றால் வீட்டுக்கு நஷ்டஈடும் ஊருக்குள்ளேயே மாற்று மனையும் உண்டு. சாமான் என்றால், நீயே கிரேனைக் கூப்பிட்டு எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போ. தூக்கிக்கொண்டு போய் வைக்கச் சுருளிராஜனுக்கு வேறு இடம் கிடையாது. மீதி நிற்கப்போவது ஒரு பாழுங்கிணறும் அதைச் சுற்றிய பள்ளமும்தான்.

ஆகவே அவன் செய்யவேண்டிய காரியம் சுலபமானது. பொறியாளரைக் கூட்டிப்போய், "இந்தா இருக்கு சார் அஸ்திவாரம்" என்று காட்டினால் போதும். அவனே முன்னால் நின்று போட்டதுதான் அது. ஆனால் அதைக் காட்டினால் இரண்டு பெண்களும் பார்ப்பார்கள். ஒருத்தி அவனைப் பெற்ற கஸ்தூரியம்மாள். இன்னொருத்தி அவன் பெண்டாட்டி உமாதேவி. அதற்குப் பயந்து வீட்டையே விடத் துணிந்துவிட்டான். கோழைக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்பார்கள். அவன் நியாயத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் உமாதேவியின் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தேனியில் பார்த்தார்கள், மதுரையில் பார்த்தார்கள், நேராத சாமியில்லை. கடைசியில் ஒரு ஐப்பசியில் தங்கியது. அதே ஐப்பசியில் விடாமல் அடித்த மழையில் அவர்கள் குடியிருந்த பழைய மண்வீட்டின் மேற்குச் சுவர் உட்கார்ந்துவிட்டது. புது வீடு கட்டியே தீரவேண்டும், ஆனால் கட்டவும் முடியாது. அஸ்திவாரத்துக்குக் குழி எடுப்பதை வானம் தோண்டுவது என்பார்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது வானம் தோண்டக் கூடாது, நிலை வைக்கக் கூடாது. இந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கொத்தனாரும் கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி, வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா என்பதுதான்.

கஸ்தூரியம்மாளுக்கு இது வெறும் சாஸ்திரம் இல்லை. அவளுடைய தலைப்பிள்ளை அவள் வயிற்றில் இருந்தபோது மாமனார் இந்த நிலத்தில் கிணறு வெட்டினார். பிள்ளை பிறந்த கையோடு போய்விட்டது. கிணற்றிலும் தண்ணீர் நிற்கவில்லை. அந்தப் பாழுங்கிணற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இன்றைக்கும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "மண்ணுல கடப்பாரை பட்டா அது வயித்துல பட்டதுக்குச் சமம்" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் அதிகாரம் இருக்காது, பயம்தான் இருக்கும்.

சுருளிராஜன் உத்தமபாளையத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறான். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் செல்போனில் இந்த வீட்டைப் பார்த்தான். பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் ஒரு வழி கிடைத்ததென்று குதித்துக்கொண்டு வந்தான்.

"மண்ணத் தோண்ட வேணாமாலே?" என்று நம்பாமல் கேட்டாள் கஸ்தூரியம்மாள்.

"தோண்டவே வேணாம்த்தா. தரையில கான்கிரீட் கல்ல வச்சு, அது மேல எறக்கி வச்சுட்டுப் போயிருவாக."

மாசி மாதம் வீடு வந்து இறங்கியது. கிரேன் பார்க்க ஊரே திரண்டு நின்றது. கஸ்தூரியம்மாள் குனிந்து வீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, மண் கலையாமல் கிடப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பால் காய்ச்ச விட்டாள். அன்றிலிருந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "எங்களது மண்ணைத் தொடாத வீடு" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு அதுவே பெயராகிவிட்டது.

வீட்டை இறக்க வந்த கம்பெனி ஃபிட்டர் அஜய்குமார் மட்டும் போகும்போது சுருளிராஜனைத் தனியாக அழைத்தான். "அண்ணே, இது லேசான வீடு. சும்மா உக்காந்திருக்கு, அவ்வளவுதான். நாலு மூலையிலயும் குழி எடுத்து, கான்கிரீட் போட்டு, இரும்புப் பட்டையால கீழ்ச்சட்டத்தப் பிடிச்சுக் கட்டிருங்க. உங்க ஊர்க் காத்து எனக்குத் தெரியும்." ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். மலை இடைவெளியில் நுழைந்து இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்றைக் கண்டவர்கள் அதைப் பேச்சுக்குச் சொல்வதில்லை. சுருளிராஜன் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

சித்திரையில் தேவாரத்தில் உமாதேவியின் அப்பா இறந்துபோனார். அவளுக்கு அப்போது ஏழாம் மாசம்.

"பிள்ளைத்தாய்ச்சி கேத வீட்டுக்குப் போகக் கூடாதுத்தா. சொன்னாக் கேளு" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"பெத்த அப்பா மொகத்தக்கூடப் பாக்காம இருக்கச் சொல்றீகளா அத்தை?"

உமாதேவி போனாள். எந்த மகள்தான் போகமாட்டாள்? கருமாதி முடியும்வரை அங்கேயே அம்மாவோடு இருந்தாள். இடையில் வீரபாண்டித் திருவிழா வந்தது. கஸ்தூரியம்மாள் பேரப்பிள்ளைக்காகத் தீச்சட்டி நேர்ந்திருந்ததால் அங்கே போய்த் தங்கிவிட்டாள். சுருளிராஜன் மட்டும் வீட்டில் இருந்தான். அவள் போன அன்று சாயங்காலம் கோடை மழைக்கு முன்னால் ஒரு காற்று அடித்தது. வீடு ஒரு பக்கம் தூக்கி, மறுபடி தொப்பென்று உட்கார்ந்தது. சமையல்கட்டில் பாத்திரமெல்லாம் கீழே உருண்டன. அவன் வெளியே ஓடிவந்து பார்த்தபோது ஒரு மூலைக்கல் ஒரு சாண் நகர்ந்திருந்தது. உள்ளே உமா வயிற்றுப் பிள்ளையோடு படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பயந்துபோனான். அந்தப் பயம் உண்மையானது. அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் சின்னமனூரிலிருந்து நாகராஜ் என்ற கொத்தனாரைக் கூட்டிவந்தான். உள்ளூர் ஆள் வேண்டாம் என்று பார்த்துத்தான் கூட்டிவந்தான். நாகராஜ் கேட்கவேண்டியதைக் கேட்டார். "வீட்ல மாசமா யாரும் இருக்காகளாண்ணே?"

"யாரும் இல்ல."

"அப்பச் சரி. மொதக் கடப்பாரை வீட்டுக்காரர்தான் போடணும். போடுங்க."

சுருளிராஜன் போட்டான். நான்கு மூலையிலும் குழி எடுத்து, கம்பி கட்டி, கான்கிரீட் நிரப்பி, அதில் போல்ட்டைப் புதைத்து, வீட்டின் சட்டத்திலிருந்து இரும்புப் பட்டையை இறக்கி முடுக்கினார்கள். நாகராஜ் தன் வழக்கப்படி, ஈரம் காயும் முன்னால் ஆணியால் அன்றைய தேதியைக் கீறினார். மேலே நான்கு விரற்கடை மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, தண்ணீர் தெளித்து மூடினார்கள். கஸ்தூரியம்மாள் தீச்சட்டி எடுத்த கையோடு திரும்பிவந்து, அந்த மண்ணின் மேலேயே நடந்து வீட்டுக்குள் போனாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

வைகாசியில் ஒரு காலையில், வீடு திரும்பியிருந்த உமாதேவியின் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. தேனி ஆஸ்பத்திரியில் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். பெண் குழந்தை. நஞ்சுக்கொடியில் கோளாறு, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் சொன்னார். நிலத்தின் சாலையோர மூலையில் நின்ற வேப்பமரத்தடியில் புதைத்தார்கள்.

அன்று ஆரம்பித்தாள் கஸ்தூரியம்மாள். "கேத வீட்டுக்குப் போகாதன்னேன். போனா. பிள்ளைய அங்கனயே விட்டுட்டு வெறும் வயித்தோட வந்தா." உலை கொதிக்கும்போது சொன்னாள், விளக்கு வைக்கும்போது சொன்னாள், கோவிலில் சொன்னாள், ரேஷன் கடை வரிசையில் சொன்னாள். டாக்டர் சொன்னது அந்த வீட்டில் எடுபடவில்லை. உமாதேவி அப்பாவை இழந்த துக்கத்தோடு பிள்ளையை இழந்த துக்கத்தையும் சுமந்தாள். அதற்கு மேல் பிள்ளையைக் கொன்றவள் என்ற பேரும் வந்து சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கல்யாண வீடுகளில் அவளைப் பார்த்ததும் பெண்கள் மாசமான மருமகளை உள்ளே அனுப்பினார்கள்.

சுருளிராஜன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து கடைக்குப் போவான். அம்மாவின் கணக்குப்படியே பார்த்தாலும் குற்றவாளி அவனும்தான். மண்ணைத் தோண்டியவன் அவன், முதல் கடப்பாரை போட்டவன் அவன். என் கணக்கைக் கேட்டால், தோண்டியதாலும் பிள்ளை சாகவில்லை, துக்க வீட்டுக்குப் போனதாலும் சாகவில்லை. ஆனால் ஒருத்தி மட்டும் அடிபடும்போது பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு என்ன பேர் வைப்பது? எனக்கு அவன் மேல் வரும் ஆத்திரத்தில் பாதிகூடக் கஸ்தூரியம்மாள் மேல் வரவில்லை.

அந்த ஆடியில் காற்று பேயாக அடித்தது. பக்கத்துத் தோப்பில் தகரக் கொட்டகை பறந்துபோய்ச் சாலையில் விழுந்தது. இந்த வீடு அசையவில்லை. "நம்ம குலசாமி புடிச்சுக்கிட்டு நிக்கிதுலே" என்று கஸ்தூரியம்மாள் சூடம் கொளுத்தினாள். சுருளிராஜன் கும்பிட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டான்.

மறுவருஷம் மழைக்கு, வீட்டின் கிழக்கு மூலையில் கறிவேப்பிலைக் கன்று வைக்க உமாதேவி குழி போட்டாள். நான்கு விரல் ஆழத்தில் கடப்பாரை டங்கென்றது. கையால் மண்ணை விலக்கினாள். கான்கிரீட், போல்ட், பட்டை எல்லாம் தெரிந்தன. விரலால் தடவியபோது தேதியும் தெரிந்தது. அந்தத் தேதியில் தான் எங்கே இருந்தாள் என்று அவள் யாரையும் கேட்கவேண்டியதில்லை. தேவாரத்தில் அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மூடிவிட்டாள். கன்றை வேறிடத்தில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவள் அம்மா கேட்டபோது அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியும். தோண்டியதற்காக அவன் மேல் அவளுக்கு ஒரு துளியும் கோபம் இல்லை. தனக்காகவும் பிள்ளைக்காகவும்தான் தோண்டியிருக்கிறான் என்று புரிந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவன் வாயிலிருந்து ஒரே ஒரு பேச்சு. "ஆத்தா, நானுந்தான் வானம் தோண்டுனேன். அவளை மட்டும் சொல்லாத." அதை அவன் தானாகச் சொல்லவேண்டும். இன்று சொல்வான், நாளை சொல்வான் என்று ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்திருந்தாள். அவளை அந்த வீட்டில் நிறுத்திவைத்தவை இரண்டு. ஒன்று இந்தக் காத்திருப்பு, மற்றது வேப்பமரத்தடி.

அதற்குள் சாலைக்கு அளக்க வந்துவிட்டார்கள். வேப்பமரத்தில் வெள்ளை பெயிண்டால் எண் போட்டுவிட்டுப் போனார்கள். வெட்டப்போகும் மரம் என்று அர்த்தம். வீட்டைப் பார்த்துச் சான்று கொடுக்க எபனேசர் வந்தார்.

எபனேசர் போடிக்காரர், பொறுமைசாலி. வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர்க் குழாயும் பழைய வீட்டுக்குப் போட்ட கக்கூஸ் தொட்டியும் எங்கே என்று பார்த்தார். பிறகு நல்ல சட்டையோடு மண்ணில் படுத்து, வீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தார்.

"கல்லு மேல உக்காந்திருக்கு" என்றார். "அந்த மூலையில மண்ணுக்குள்ள ஒரு இரும்புப் பட்டை போகுதே, அது என்ன?"

"அது எர்த்து சார்" என்றான் சுருளிராஜன்.

"இந்த மூலையிலயும் போகுது."

"அதுவும் எர்த்துதான் சார்."

எபனேசர் எழுந்து முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நாலு மூலைக்கும் எர்த்து வச்ச வீட்ட நான் இப்பத்தான் பாக்குறேன்."

"இங்கன இடி ஜாஸ்தி சார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்ப்பதுபோல எபனேசர் அவனைப் பார்த்தார். தோளில் கைபோட்டுக் கிணற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, நான் உங்களுக்கு விரோதமா வரல. அறிவிப்பு வந்த பிறகு அவசர அவசரமா சிமெண்டக் கொழச்சு ஊத்திட்டு, பழைய அஸ்திவாரம்னு கதை சொல்றவங்களத்தான் நான் புடிக்கணும். உங்க பட்டையில துரு ஏறியிருக்கு. இது பழைய வேலை. கீழ கான்கிரீட் இருக்குன்னு காட்டுங்க, நிரந்தரக் கட்டடம்னு எழுதிட்டுப் போறேன். உங்களுக்கு நஷ்டஈடும் மனையும் கெடைக்கும்."

"கீழ ஒண்ணும் இல்ல சார்" என்றான் அவன், கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு.

எபனேசருக்கு எரிச்சல் வந்துவிட்டது. வராந்தாவுக்குத் திரும்பி வந்து ஃபைலைத் திறந்தார். வாசற்படியில் கஸ்தூரியம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். சமையல்கட்டு வாசலில் உமாதேவி நின்றாள்.

"எல்லாரும் இருக்கும்போதே கேக்குறேன். எழுதுனா எழுதுனதுதான், அப்புறம் மாத்த முடியாது. இந்த வீட்டுக்காக எப்பவாச்சும் மண்ணத் தோண்டுனீங்களா?"

அவனை முந்திக்கொண்டு கஸ்தூரியம்மாள் பதில் சொன்னாள். "எங்களது மண்ணைத் தொடாத வீடு சார். ஊருக்கே தெரியும். அப்ப மருமக மாசமா இருந்தா. அந்த நேரத்துல தோண்டுவமா?"

எபனேசருக்கு அது விளங்கியது. அவர் வீட்டில் ஜெபம் பண்ணித்தான் கல் வைப்பார்கள். ஆனாலும் அவர் மனைவி ஜாய்ஸ் மாசமாக இருந்தபோது மாடி எடுக்க அவர் அம்மா விடவில்லை. சுருளிராஜனின் முகத்தைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் பாதி பிடிபட்டுவிட்டது.

கஸ்தூரியம்மாள் நிறுத்தவில்லை. "அம்புட்டுப் பதனமா இருந்தும் பிள்ளை தங்கல சார். இந்தா நிக்கிறாளே, சொல்லச் சொல்லக் கேக்காமக் கேத வீட்டுக்குப் போயி வாரிக் குடுத்துட்டு வந்தா."

அந்நிய ஆணுக்கு முன்னால் வைத்துச் சொன்னாள். உமாதேவி அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். வீடு போகிறது, நிலம் போகிறது, வேப்பமரம் போகிறது. எதிரில் ஒரு அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்கிறார். இன்றுகூடச் சொல்லாவிட்டால் இவன் என்றைக்கும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"தோண்டல சார்" என்றான் சுருளிராஜன்.

எபனேசர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். உமாதேவி உள்ளே போனாள். வரும்போது கையில் கடப்பாரை இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றாள்.

கிழக்கு மூலைக்குப் போய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குத்தினாள். "ஏத்தா, என்னத்தா பண்ற" என்று கஸ்தூரியம்மாள் எழுந்து வந்தாள். சுருளிராஜன் ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்தான். "உமா, விடு. வீட்டுக்குள்ள போ." அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். நாலைந்து குத்திலேயே டங்கென்று கேட்டது. உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை வாரித் தள்ளினாள். குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். சாம்பல் நிறத்தில் கான்கிரீட் பளிச்சென்று தெரிந்தது.

எபனேசர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து போல்ட்டைச் சுத்தியலால் தட்டினார். பட்டையைப் பிடித்து இழுத்தார். கீறிய எழுத்தில் டார்ச் அடித்தார். அவர் முகம் தெளிந்தது. "தேதியே போட்டிருக்கு. அறிவிப்புக்கு ரொம்ப முன்னாடி. இது போதும்மா, நஷ்டஈடும் மனையும் கெடைச்சிரும்."

"என்ன தேதி சார்?" என்றாள் கஸ்தூரியம்மாள்.

எபனேசர் தயங்கினார். பொய் சொல்லத் தெரியாதவர். சொல்லிவிட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, சித்திரையிலயா?" அவள் விரல்விட்டு எண்ணவில்லை. "நான் வீரபாண்டியில தீச்சட்டி எடுத்தன்னைக்கு." மகனைப் பார்த்தாள். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். நாற்பது வருஷமாகப் பார்க்காத கிணற்றின் பக்கம் அவள் தலை தானாகத் திரும்பியது. "ஏலே சுருளி, நீயா தோண்டுன?"

அவன் குனிந்து, உமாதேவி தண்ணீர் ஊற்றிய குடத்தை நிமிர்த்தி வைத்தான்.

அந்த நேரத்தில் உமாதேவிக்கு மாமியார்மேல்கூட இரக்கம் வந்தது. எழுந்துபோய்க் கையைப் பிடிக்கலாம் என்றுகூட நினைத்தாள். கஸ்தூரியம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெற்ற மகனை வெறுக்க அவளால் முடியவில்லை. அந்தப் பழியை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. இறக்கிவைக்கும் இடம் அவளுக்குப் பழகிய இடம்தான்.

"நீ தோண்ட மாட்ட. உனக்கு அந்தத் தைரியம் ஏது? இவ சொல்லித்தான் தோண்டுன. தேவாரத்துல உக்காந்துக்கிட்டு இவதான் சொல்லியிருக்கா. சொல்லுலே, இவ சொல்லித்தான?"

ஒரு சொல் போதும். இல்லை என்று ஒரு சொல். எபனேசர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்தார்.

சுருளிராஜன் முதலில் அம்மாவைப் பார்த்தான், பிறகு குழியைப் பார்த்தான். "ஆமாத்தா" என்றான். "காத்துக்குப் பயமா இருக்குன்னு அவதான் போன்ல சொன்னா."

உமாதேவி அழவில்லை, சண்டையும் போடவில்லை. குழாயடிக்குப் போய் நகக்கண்ணில் ஏறிய மண் போகும்வரை கையைக் கழுவினாள். உள்ளே போனாள். பின்னால் கஸ்தூரியம்மாளின் குரல் ஏறிக்கொண்டே போனது. கேத வீட்டுக்கும் போனாள், வானமும் தோண்ட வைத்தாள், இரண்டு பக்கமும் அடைத்துப் பிள்ளையைக் கொன்றாள் என்று. எபனேசர் "அம்மா, போதும்மா" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத வேண்டியதை எழுதினார். நிரந்தரக் கட்டடம். கான்கிரீட் அஸ்திவாரத்துடன் பிணைக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டார். அவ்வளவு சரியான ஒரு சான்றை எழுதிவிட்டு அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னால் அவருக்கு நடந்ததில்லை.

உமாதேவி ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். அதில் இரண்டு புடவையும் அப்பாவின் படமும் இருந்தன. நேராக எபனேசரிடம் வந்தாள்.

"அந்த வேப்பமரம் போயிருமா சார்?"

"போயிரும்மா. அதுவரைக்கும் தார் வந்துரும்."

"சரி" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

அவருக்கு இன்னும் ஒரு விவரம் பாக்கியிருந்தது. மாற்று மனைக்கு அதையும் நிரப்பியாக வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார். "இந்த வீட்டுல குடியிருக்கிறது மொத்தம் எத்தன பேரு?"

"மூணு பேரு" என்றான் சுருளிராஜன். அன்று காலையிலிருந்து அவன் தயங்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

"ரெண்டு பேருன்னு எழுதுங்க சார்" என்றாள் உமாதேவி.

வேப்பமரத்தடியில் கொஞ்சநேரம் நின்றாள். குனியவில்லை, மண்ணைத் தொடவில்லை. பிறகு சாலையைத் தாண்டிப்போய் உத்தமபாளையம் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் கைகாட்டினாள்.

சுருளிராஜன் இரண்டு எட்டு முன்னால் வைத்தான். "எங்கனலே போற?" என்றாள் கஸ்தூரியம்மாள். "முதல்ல அந்தக் குழிய மூடு. பாக்கச் சகிக்கல." அவன் நின்றான். மண்வெட்டியை எடுத்துவந்து மண்ணைத் தள்ளினான், காலால் மிதித்தான், தண்ணீர் தெளித்தான். அவன் நிமிர்ந்து பார்த்தபோது பஸ் போய்விட்டிருந்தது.